வண்டி நிற்கும்போது உபயோகிக்காதீர்

ஒரு பாசஞ்சர் வண்டியில் பெட்டிக்கு நான்கு கழிப்பறை உண்டு. பன்னிரண்டு பெட்டி என்றால் நாற்பத்தெட்டு. அந்த நாற்பத்தெட்டையும் இழுத்துக்கொண்டு போகிற எஞ்சினில் ஒன்றுகூடக் கிடையாது. புதிதாக வருகிற சில எஞ்சின்களில் வைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு வாய்த்த எஞ்சின்களில் இல்லை.

எங்கள் லாபிக்கு இந்த ஆண்டு நான்கு பெண்கள் புதிதாக வந்திருக்கிறார்கள். லாபி என்பது எஞ்சின் ஓட்டுகிறவர்கள் டியூட்டிக்குக் கையெழுத்துப் போடும் இடம். வந்த முதல் வாரமே நால்வரும் சேர்ந்து வந்து என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார்கள். சிக்னல் பற்றி அல்ல, பிரேக் பற்றியும் அல்ல. “அக்கா, அதுக்கு என்ன செய்யுதது?” என்றார்கள். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. பதினாறு வருடம் எஞ்சினில் இருந்தவளுக்கு அது எது என்று தெரியும்.

வாயால் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவார்கள். அதனால் எழுதித் தருகிறேன்.

1. முதல் நாள்

முதல் டியூட்டி ஒரு சிமெண்ட் வண்டி. அசிஸ்டெண்ட் லோகோ பைலட் என்ற முறையில் என்னிடம் இருந்தவை இரண்டு கொடி, ஒரு டார்ச், ஒரு வாக்கி டாக்கி, விதிப் புத்தகம், தயிர்சாதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். இதில் தண்ணீர்தான் தப்பு.

வண்டி கிளம்பி இரண்டு மணி நேரத்தில், எஞ்சினை ஓட்டுகிற லோகோ பைலட்டிடம் கேட்டேன்.

“சார், பாத்ரூம் எங்க இருக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “எந்த பாத்ரூம்?”

“எஞ்சின்ல உள்ளது.”

“எஞ்சின்ல எஞ்சின்தாம்மா இருக்கு.”

பயிற்சிப் பள்ளியில் ஏழெட்டு மாதம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எஞ்சினுக்குள் எந்த வயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்த ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை. அந்தப் பள்ளியின் கழிப்பறை மிகச் சுத்தமாக இருக்கும் என்பதால் எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஆண்களுக்கு இது பெரிய பிரச்சினை இல்லை. எஞ்சின் கதவைத் திறந்து நின்றால் எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை. மலை ஒன்றும் சொல்லாது. நமக்கு அப்படி இல்லை.

ஒரு சின்ன ஸ்டேஷனில் எதிர் வண்டிக்காக எங்களை ஒதுக்கி நிறுத்தினார்கள். சரக்கு வண்டி நீளம். எஞ்சின் ஒரு கோடியில் நின்றால் ஸ்டேஷன் கட்டிடம் மறு கோடியில் இருக்கும். ஜல்லியில் தடுமாறித் தடுமாறி அரைக் கிலோமீட்டர் நடந்தேன். கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனிடம் இருந்தது. பாயிண்ட்ஸ்மேன் டீக்கடையில் இருந்தார். அவர் வந்து சாவியைத் துளையில் நுழைத்த நேரம் பார்த்து என் வாக்கி டாக்கி பேசியது. “ஏம்மா, சிக்னல் விழுந்துட்டு. ஓடி வா.”

ஓடினேன். ஓடும்போது அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நான்கு மணி நேரம் அந்த எஞ்சினில் உட்கார்ந்து ஒவ்வொரு சிக்னலையும் விதிப்படி உரக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

2. தண்ணீர்

அன்றிலிருந்து டியூட்டிக்கு முந்தின நாள் இரவே தண்ணீரை நிறுத்திவிடுவேன். இது எங்கள் தொழிலில் பெண்களெல்லாம் செய்வது. யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். காலையில் ஒரு டம்ளர் காப்பி. அதுவும் பாதி.

என் வீட்டுக்காரர் புளியறை செக்போஸ்டில் போலீஸ். “நீ என்னத்துக்கு இப்படிக் கெடக்க? எங்க செக்போஸ்டுல பின்னாடியே பாத்ரூம் இருக்கு. நான் உள்ள போனா லாரிக்காரன் காத்துக் கெடப்பான்” என்பார். “உங்களுக்கு லாரி காத்திருக்கும். எனக்குப் பின்னாடி ஆயிரம் பேரு உக்காந்திருக்கான்” என்பேன். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

வருடத்துக்கு இரண்டு முறையாவது நீர்க்கடுப்பு வரும். பிறகு மூன்று முறை ஆயிற்று. பிறகு குளிர் காய்ச்சலோடு வந்தது. தென்காசியில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன்.

“தண்ணி குடிக்கியளா?”

“இல்ல டாக்டர்.”

“ஏன்? தினமும் மூணு லிட்டர் குடிக்கணும். என்ன சோலி பாக்குதிய?”

சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு மறுபடி திறந்தார். பிறகு மருந்துச் சீட்டில் மாத்திரைக்கு மேலே பெரிதாகத் ‘தண்ணீர்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். “இது கிட்னி வரைக்கும் போனா நீங்க எஞ்சின்ல ஏறவே முடியாதும்மா. அன்ஃபிட்னு எழுதிக் குடுத்துருவாவ” என்றார்.

எனக்கு அந்த ஒரு பேச்சுதான் உறைத்தது. லோகோ பைலட் பதவி உயர்வுக்குப் பட்டியல் வரப்போகிற நேரம். என் பெயர் அதில் இருந்தது. பன்னிரண்டு வருடம் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்தவளுக்கு அந்த ஓட்டுகிற ஸீட் என்னவென்று மற்றவர்களுக்குப் புரியவைக்க முடியாது. தண்ணீர் குடிப்பது என்று முடிவு செய்தேன்.

3. இருபத்திரண்டு எட்டு

அப்போது மதுரையிலிருந்து செங்கோட்டைக்குப் பகல் பாசஞ்சரில் எனக்கு வேலை. லோகோ பைலட் சண்முகையா அண்ணாச்சி. குத்துக்கல்வலசைக்காரர். முப்பது வருட சர்வீஸில் ஒரு சிவப்பு சிக்னலைக்கூடத் தாண்டியதில்லை. பெண்கள் இருக்கிற இடத்தில் பனியன் என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்கமாட்டார். அவ்வளவு கூச்ச சுபாவம்.

மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடிவந்து தென்காசியில் வண்டி நிற்கும். செங்கோட்டை இன்னும் பத்து நிமிடம்தானே, அங்கே போய்ப் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். செங்கோட்டையில் பிளாட்பாரம் காலி இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே சிக்னலில் நிறுத்திவிடுவார்கள். எவ்வளவு நேரம் என்று அந்தச் சிக்னலுக்கே தெரியாது. அதனால் தென்காசிதான்.

தென்காசியில் வண்டி நிற்பது இரண்டு நிமிடம். எஞ்சின் ஏணியில் இறங்கி, அடுத்து இருக்கிற பொதுப்பெட்டியின் கதவு வரை இருபத்திரண்டு எட்டு. எண்ணி வைத்திருந்தேன். எஞ்சினை ஆளில்லாமல் விடக் கூடாது என்பது விதி. அண்ணாச்சி உள்ளேயே இருப்பார். நான் இறங்கியதும் மரியாதைக்காக முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார். அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது. இதனாலேயே இரண்டு முறை சிக்னல் விழுந்ததைக் கவனிக்காமல் இருந்திருக்கிறார்.

மற்ற மாதங்களில் இது நடக்கும். குற்றாலம் சீசனில் நடக்காது. சாரல் விழுந்தால் நமக்கும் சீக்கிரம் வரும், கூட்டமும் சீக்கிரம் வரும். தென்காசியில் இறங்கி அருவிக்குப் போகிறவர்கள் ரயிலிலேயே தயாராகிவிடுவார்கள். ஒரு நாள் கழிப்பறைக் கதவைத் தட்டினேன்.

“யாரு?”

“எஞ்சின்ல இருந்து வாரேன். கொஞ்சம் சீக்கிரம்.”

“எஞ்சின்ல இருந்தா? நாங்க டிக்கெட்டு எடுத்திருக்கோம்மா!”

கதவு திறந்தது. ஒரு பெரியவர் இடுப்பில் துண்டோடு நின்றார். உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய். அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்க இடம் கிடைக்காது என்று இங்கேயே முடித்துவிட்டிருந்தார்.

“தென்காசி வந்துட்டா?” என்றார்.

“வந்துட்டு. இறங்குங்க.”

இறங்கினார். எண்ணெய் இறங்கவில்லை, தரையிலேயே இருந்தது. நான் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் வாக்கி டாக்கியையும் பிடித்துக்கொண்டு என் காரியத்தை முடித்தேன். அந்தக் கதவின் உட்பக்கம் ஒரு பலகை உண்டு. ‘வண்டி நிலையத்தில் நிற்கும்போது உபயோகிக்காதீர்.’ எல்லாம் நேராகத் தண்டவாளத்தில் விழுந்த காலத்தில் வைத்தது. இப்போது பெட்டிக்கு அடியில் தொட்டி வந்துவிட்டது. பலகையைக் கழற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வண்டி ஓடும்போது நான் எஞ்சினை விட்டு வர முடியாது. நிற்கும்போது அங்கே போகக் கூடாது. தினமும் அதை வாசித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

4. கப்ளிங்

எண்ணெய்ப் பெரியவர் புண்ணியத்தில் அன்று வண்டி மூன்று நிமிடம் தாமதம். வண்டி ஒரு நிமிடம் தாமதித்தாலும் காரணம் எழுத வேண்டும். கண்ட்ரோல் ஆபீஸிலிருந்து ஸ்டேஷன் மாஸ்டரைக் கேட்பார்கள், மாஸ்டர் வாக்கி டாக்கியில் எங்களைக் கேட்பார். வாக்கி டாக்கி போன் மாதிரி அல்ல, பேசுவது எல்லார் காதிலும் விழும். கார்டு கேட்பார், பக்கத்து லெவல் கிராஸிங் கேட்கீப்பர் கேட்பார், அடுத்த பிளாட்பாரத்து வண்டிக்காரர்கள் கேட்பார்கள்.

“பாசஞ்சர் லோகோ பைலட், மூணு நிமிஷம் டிட்டென்ஷன். ரீசன் சொல்லுங்க.”

அண்ணாச்சி மைக்கைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. பிறகு சொன்னார்.

“எஞ்சினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவுல கப்ளிங்ல ஒரு சத்தம் மாஸ்டர். செக் பண்ணினோம். இப்பம் ஓகே.”

கப்ளிங் என்பது எஞ்சினையும் பெட்டியையும் சேர்த்து மாட்டுகிற கொக்கி. மைக்கை வைத்துவிட்டு, “உன் பேரு ஊர் வாயில விழக் கூடாதுல்லா செல்வி” என்றார். என் முழுப்பெயர் முத்துச்செல்வி. அவர் முப்பது வருடத்தில் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும். எனக்காகச் சொன்னது. நான் நன்றி சொன்னேன். உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

நல்ல பொய் ஊர் சுற்றும் என்பது சரிதான். இரண்டு வாரத்தில் மற்ற நாட்களில் அதே வண்டிக்கு வருகிற பெண்களும் கப்ளிங் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறகு சர்க்கரை வியாதி உள்ள ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். லாபியில் இதுவே பேச்சாகிவிட்டது. “நீங்க எங்கன கப்ளிங் பாத்தீக?” “தென்காசிலதான், வேற எங்கன முடியுது?” நானும் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தேன். இரண்டு மாதம் காய்ச்சல் இல்லை, கடுப்பு இல்லை. டாக்டரம்மா சந்தோஷப்பட்டார்.

5. சிக் லைன்

நாங்கள் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தோம். அது கம்ப்யூட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் அதையெல்லாம் சேர்த்துப் பார்த்துவிட்டார். ஒரே வண்டி, ஒரே இடம், ஒரே சத்தம்.

செங்கோட்டையில் வண்டி வந்து நின்றதும் அடியில் போய்க் கப்ளிங், பிரேக் எல்லாம் பார்த்து ஓகே எழுதுகிறவன் இசக்கிமுத்து. முப்பது வயது இருக்கும். கை நிறைய கிரீஸும் வாய் நிறையச் சிரிப்புமாக இருப்பான். அந்தச் சீசனில் அவன் சிரிக்கவில்லை.

“யக்கா, அந்தச் சத்தம் எப்படி இருக்கும்? டொக்குன்னா, கீச்சுனா?” என்று கேட்டான்.

நான் என்ன சொல்ல? “சரியாச் சொல்லத் தெரியலப்பா” என்றேன்.

“மேலருந்து மெமோ வந்திருக்குக்கா. இத்தன பேரு சத்தம் சத்தம்னு சொல்லுதாங்க, நீ தினமும் ஓகேன்னு எழுதிருக்க, பாத்தியா பாக்காமலே எழுதினியான்னு கேக்காங்க. நாலு நாளா வண்டிக்கு அடியிலதான் கெடக்கேன். நேத்து எனக்கும் லேசாக் கேட்டாப்ல இருந்துச்சு.”

இல்லாத சத்தத்தை அவன் கேட்க ஆரம்பித்துவிட்டான். அன்றே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பட்டியல் வருகிற மாதம். பொய்யான காரணம் கொடுத்தாள் என்று எழுத்தில் வந்தால் என் பெயர் போய்விடும். வீட்டுக்குப் போய்க் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். என் வீட்டுக்காரர் சோற்றை அதிகமாகப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டார், போலீஸ்காரர் அல்லவா, முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் மேலிடம் முடிவெடுத்தது. சந்தேகம் இருப்பதால் எஞ்சினுக்கு அடுத்திருந்த பொதுப்பெட்டியைக் கழற்றி சிக் லைனில் தள்ளிவிட்டார்கள். சிக் லைன் என்பது உடம்பு சரியில்லாத பெட்டிகள் ஓய்வெடுக்கும் தண்டவாளம். எனக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு கிடைக்கவில்லை. ஒரு கோளாறும் இல்லாத பெட்டிக்குக் கிடைத்தது. அதற்குப் பதிலாகக் கையில் இருந்த ஒரு பார்சல் வேனைக் கொண்டுவந்து எஞ்சினுக்கு அடுத்து மாட்டினார்கள். பார்சல் வேனில் கழிப்பறை கிடையாது. பார்சலுக்கு எதற்கு?

காலையில் மதுரையில் வண்டியைப் பார்த்ததும் அண்ணாச்சி அப்படியே நின்றுவிட்டார்.

“செல்வி, பெட்டியக் கழத்திட்டாவளே!”

“ஆமா அண்ணாச்சி.”

“இப்பம் எத்தன எட்டு இருக்கும்?”

அடுத்த பெட்டியின் கதவு வரை நடந்து எண்ணிவிட்டு வந்தேன். ஐம்பத்தாறு.

6. சத்தம் கேட்க வந்தவர்

ஐந்தாம் நாள் ஒரு இன்ஸ்பெக்டர் எஞ்சினிலேயே ஏறி வந்தார். அந்தச் சத்தத்தைத் தன் காதால் கேட்டுவிட்டுத்தான் ரிப்போர்ட் எழுதுவேன் என்று சொல்லியிருந்தார். பெட்டியை மாற்றிய பிறகும் தென்காசியில் இரண்டு வண்டிக்காரர்கள் பழக்கதோஷத்தில் கப்ளிங் என்று சொல்லித் தொலைத்திருந்தார்கள். அதனால் பெட்டியில் தப்பில்லை, பார்க்கிற ஆளிடம்தான் தப்பு என்று அவருக்குத் தோன்றியிருந்தது. இசக்கிமுத்துவையும் சுத்தியலோடு கூட்டி வந்திருந்தார்.

எஞ்சினுக்குள் நான்கு பேர். நான் டாக்டரம்மா சொன்னபடி தண்ணீர் குடித்திருந்தேன். சங்கரன்கோவில் தாண்டியதும் இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

“யாரும் பேசாதீங்க. சத்தம் வரும்போது சொல்லுங்க.”

ஒருவரும் பேசவில்லை. இல்லாத ஒரு சத்தத்தை நான்கு பேர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டோம். சிக்னல் வந்தபோது மட்டும் நானும் அண்ணாச்சியும் விதிப்படி உரக்கச் சொன்னோம். கடையநல்லூர் தாண்டும்போது சாரல் கண்ணாடியில் அடித்தது. நான் கால் மேல் கால் போட்டுக்கொண்டேன்.

தென்காசியில் வண்டி நின்றது. இசக்கிமுத்து இறங்கிக் கப்ளிங்கைத் தட்டினான். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பிறகு எஞ்சின் ஏணிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பேனாவை எடுத்தார்.

“எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. ஆனா இத்தனை ரிப்போர்ட் இருக்கு. இவன் அடியில போய்ப் பாக்காமலே ஓகே போட்டிருக்கான். அதுதான் விஷயம்.”

“சார், நான் தினமும் பாக்குதேன் சார்” என்றான் இசக்கிமுத்து. கிரீஸ் படிந்த கையை நீட்டிக் காட்டினான்.

“அப்ப இத்தனை லோகோ பைலட்டும் பொய் சொல்றாங்களா?”

ஏணியில் பாதி இறங்கியிருந்தேன். “ஆமா சார்” என்றேன்.

அண்ணாச்சி கூரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “எதுக்கும்மா பொய் சொல்லணும்?”

அந்தச் சொல் வாய்க்குள் நின்றது. பன்னிரண்டு வருடமாக எந்த ஆணிடமும் சொல்லாத சொல். இசக்கிமுத்து சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டான். அதைப் பார்த்தேன்.

“ஒண்ணுக்குப் போறதுக்கு சார். எஞ்சின்ல பாத்ரூம் இல்ல. இங்கன இறங்கித்தான் போவோம். லேட்டானா கப்ளிங்னு சொல்லுவோம். முதல்ல எனக்காகத்தான் அண்ணாச்சி சொன்னாரு. இசக்கிமுத்து பேர்ல ஒரு தப்பும் இல்ல.” மூச்சு வாங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டேன். “இப்பவும் போணும் சார்.”

பதிலுக்கு நிற்கவில்லை. ஐம்பத்தாறு எட்டு. பொதுப்பெட்டி வாசலில் நின்ற கூட்டத்தை விலக்கி, ஈரத் துண்டுகளைத் தாண்டி, கதவைத் தட்டிக் காத்திருந்து, போய், திரும்பி வந்தேன். அதே பலகை அந்தப் பெட்டியிலும் இருந்தது. திரும்பி வரும்போது ஓடவில்லை, நடந்து வந்தேன். சிக்னல் விழுந்து வெகு நேரமாயிற்று. வண்டி முழுவதும் எனக்காக நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு பேரை நான் அதற்கு முன்னால் காக்க வைத்ததில்லை.

எஞ்சினில் ஏறியபோது இன்ஸ்பெக்டரும் இசக்கிமுத்துவும் உள்ளே இருந்தார்கள், வாக்கி டாக்கி பேசிக்கொண்டிருந்தது.

“பாசஞ்சர், ஏழு நிமிஷம் டிட்டென்ஷன். கண்ட்ரோல் கேக்காங்க. ரீசன் சொல்லுங்க.”

அண்ணாச்சி மைக்கை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டிவிட்டார். அவர் வாங்கிக்கொண்டார். வாயருகே கொண்டுபோனார். ஒரு முறை தொண்டையைச் செருமினார். எல்லாம் தெரிந்த மனிதர். ஐந்து நிமிடத்துக்கு முன்பு என் வாயாலேயே கேட்டவர். அவர் சொன்னார்:

“கப்ளிங் செக்கிங், மாஸ்டர்.”

இசக்கிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இன்ஸ்பெக்டர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்கும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல்லுக்கு இத்தனை பெரிய மனிதரே பயந்தால் நான் எத்தனை வருடம் காத்திருப்பது? அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினேன். கேட்டு வாங்கவில்லை.

“தென்காசி மாஸ்டர், நான் அசிஸ்டெண்ட் லோகோ பைலட் முத்துச்செல்வி பேசுதேன். கப்ளிங்ல ஒரு கோளாறும் இல்ல. நான் ஒண்ணுக்குப் போனேன். எஞ்சின்ல பாத்ரூம் கிடையாது. அதுக்குத்தான் ஏழு நிமிஷம். இதுவரைக்கும் எங்க வண்டில சொன்ன கப்ளிங் எல்லாமே அதுதான்.”

வாக்கி டாக்கி கரகரத்தது. பிறகு மாஸ்டர், “ரிப்பீட் பண்ணுங்க” என்றார்.

வாக்கி டாக்கியில் சந்தேகம் வந்தால் திரும்பச் சொல்ல வேண்டும். விதி. திரும்பச் சொன்னேன். கேட்டவர் அதைத் தானும் ஒரு முறை திருப்பிச் சொல்லி உறுதி செய்ய வேண்டும். அதுவும் விதி. மாஸ்டர் விதியை மீறாதவர்.

“பாசஞ்சர் அசிஸ்டெண்ட் லோகோ பைலட் ஒண்ணுக்குப் போனதால ஏழு நிமிஷம் டிட்டென்ஷன். கப்ளிங்ல கோளாறு இல்ல. சரியா?”

“சரி.”

“எங்க லிஸ்ட்ல அதுக்குக் கோட் நம்பர் கிடையாதேம்மா.”

“நம்பர் இல்லாட்டி எழுத்துல எழுதுங்க மாஸ்டர்.”

அப்போது வேறொரு குரல் குறுக்கே வந்தது. கட்டைக் குரல். “மாஸ்டர், இது ரெண்டாவது பிளாட்பாரத்து வண்டி. போன வாரம் நாங்க சொன்ன கப்ளிங்கும் அதான். எனக்கு சுகரு.”

அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். பிறகு இசக்கிமுத்து. அவன் சிரித்தானா அழுதானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, கிரீஸ் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். இன்ஸ்பெக்டர் எழுதியிருந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். செங்கோட்டை வரை எங்களோடு எஞ்சினிலேயே வந்தார். வண்டி நின்றதும் எங்கள் எல்லாருக்கும் முன்னால் இறங்கி, லாபி இருக்கிற பக்கம் வேகமாக நடந்தார். லாபியில் கழிப்பறை உண்டு.

7. பிறகு

இசக்கிமுத்து மேல் நடவடிக்கை இல்லை. அண்ணாச்சியிடமும் என்னிடமும் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தோம். தவறான காரணம் சொன்னதற்காக எங்களுக்குக் கண்டிப்புக் கடிதம் வந்தது. அந்த ஆண்டுப் பட்டியலில் என் பெயர் இல்லை. அடுத்த ஆண்டு வந்தது. ஒரு வருடம் போனது போனதுதான், அதற்காக வருத்தப்படவில்லை என்று எழுதினால் அது இன்னொரு கப்ளிங். நிறைய வருத்தப்பட்டேன். அந்த வாரக் குழம்பிலெல்லாம் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

இரண்டு வாரத்தில் சிக் லைனிலிருந்து பெட்டி திரும்பி வந்து பழைய இடத்தில் மாட்டப்பட்டது. கோளாறு எதுவும் காணப்படவில்லை என்று அதில் எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே பலகையும் அப்படியே இருந்தது. எங்கள் வண்டிக்குத் தென்காசியில் இப்போது ஐந்து நிமிடம் நிறுத்தம். இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டில் என்ன காரணம் எழுதினார் என்று எனக்குத் தெரியாது. ‘ஆபரேஷனல்’ என்று எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சண்முகையா அண்ணாச்சி ஓய்வு பெற்றுவிட்டார். போன மாதம் தென்காசிச் சந்தையில் பார்த்தேன். கையில் வாழைத்தண்டு. “இப்பம் நீதான ஓட்டுத? அந்த... அது... கப்ளிங்குக்குக் கஷ்டம் இல்லையே?” என்றார். இல்லை என்றேன். அவரை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம்.

புதிதாக வந்த நால்வருக்கும் நான் சொல்லக் கூடியது இவ்வளவுதான். தண்ணீர் குடியுங்கள். எட்டுகளை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் கேட்டால் அதே காரணத்தை, அதே சொல்லில், மைக்கில் சொல்லுங்கள். திரும்பச் சொல்லச் சொன்னால் திரும்பச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு வேறு ஒன்றைச் சொன்னீர்கள் என்றால், நமக்கு இருக்கிற ஒரே பெட்டியையும் கழற்றிவிட்டு, அடியில் கிடப்பவன் ஒருவனைப் பிடித்துக்கொள்வார்கள்.

இந்தச் சீசனுக்கு இசக்கிமுத்துவைத் தென்காசியில் போட்டிருக்கிறார்கள். என் வண்டி வந்து நின்றால் முதல் ஆளாக ஓடி வருவான். சுத்தியலால் கப்ளிங்கில் ஒரு தட்டு. காதை வைத்துக் கேட்பான். பிறகு என் ஜன்னலைப் பார்த்து, பிளாட்பாரத்தில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, “சத்தம் ஒண்ணும் இல்லக்கா! நீங்க ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க!” என்பான்.

போய்விட்டு வருவேன்.